மழை பெய்தால் பார்க்கூருக்கு லீவா?

லண்டனில் பார்க்கூர் பழகும் பையன்கள், பெண்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" உடனே இரண்டு கட்சி உண்டாகிவிடும். ஒரு கட்சி, "மழையாவது வெயிலாவது, வெளியே வா, பழகு" என்னும். இன்னொரு கட்சி, "காலை உடைத்துக்கொள்ள அவ்வளவு ஆசையா? பேசாமல் உள்ளரங்கத்துக்குப் போ" என்னும். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் சண்டை.

இந்தக் கட்டுரை முதல் கட்சியின் பக்கம் சாய்கிறது. ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல. "பயந்தவன் வீட்டில் இரு" என்கிற வீரப்பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வீரப்பேச்சுதான் ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்.

பார்க்கூர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 2006ல் வந்த "காசினோ ராயல்" ஜேம்ஸ் பாண்ட் படத்தின் ஆரம்பத்தில் ஒருவர் கிரேன் மேலெல்லாம் தாவி ஓடுவாரே, பாண்ட் மூச்சு வாங்கத் துரத்துவாரே, அந்த ஓடுகிற ஆள் செபாஸ்டியன் ஃபூக்கான். பார்க்கூரை ஆரம்பித்த பிரெஞ்சுக் கூட்டத்தில் ஒருவர். 2003ல் சேனல் 4 ஒளிபரப்பிய "ஜம்ப் லண்டன்" ஆவணப்படத்திலும் இவர்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிரிட்டனில் ஒரு தலைமுறையே சுவர் ஏறக் கிளம்பியது. பிறகு 2017 ஜனவரியில் பார்க்கூரை ஒரு விளையாட்டாக அங்கீகரித்த முதல் நாடும் பிரிட்டன்தான்.

ஆக, பார்க்கூருக்கு அரசு முத்திரை முதலில் கிடைத்த நாடு, அடிக்கடி மழை தூறும் நாடு. :)

லண்டன் மழை கொட்டித் தீர்க்கிற மழை அல்ல. வருடத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த 600 மில்லிமீட்டரும் ஒன்றிரண்டு மாதத்தில் பெய்து முடிந்துவிடாது. ஜனவரியிலும் தூறும், ஜூலையிலும் தூறும். வருடத்தில் நூறு நாட்களுக்கு மேல் ஒரு மில்லிமீட்டராவது பெய்துவிடுகிறது. மழை பெய்யாத நாளிலும் குளிர்காலத்தில் சுவர்கள் காய்வதில்லை. டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும். பகலில் படிப்பும் வேலையும் உள்ளவர்களுக்குப் பழகக் கிடைப்பது இருட்டும் ஈரமும் சேர்ந்த மாலை நேரம்தான். "காய்ந்த நாளில் மட்டும் பழகுவேன்" என்று ஒருவர் முடிவெடுத்தால் நவம்பர் தொடங்கி மார்ச் வரை அவருடைய பயிற்சி அநேகமாக நின்றுபோகும். எனவே இந்தக் கேள்வி வெறும் அரட்டைக் கேள்வி அல்ல.

வேர் எங்கே இருக்கிறது?

மழையில் பழகச் சொல்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது வரலாறு. அதில் நியாயம் இருக்கிறது. பார்க்கூரின் தாத்தா என்று சொல்லத்தக்கவர் ஜார்ஜ் ஏபேர் (1875-1957) என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902ல் மார்த்தினிக் தீவில் மோன் பெலே எரிமலை வெடித்து சென் பியேர் நகரமே அழிந்தபோது மீட்புப் பணியில் இருந்தவர். ஓடுவது, ஏறுவது, தாவுவது, சுமப்பது, நீந்துவது என்று இயற்கையான அசைவுகளை வைத்து ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். பிறருக்குப் பயன்பட வேண்டுமானால் முதலில் வலுவாக இரு என்பது அவருடைய கொள்கை. 

அடுத்தவர் ரேமோன் பெல். 1939ல் வியட்நாமில் பிறந்தவர். யுத்தத்தில் குடும்பத்தைப் பிரிந்து, ராணுவப் பள்ளியில் வளர்ந்து, பிரான்சுக்கு வந்து பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தவர். இவருடைய மகன்தான் டேவிட் பெல். பாரிஸுக்குத் தெற்கே லிஸ் என்ற சிறு ஊரில் டேவிட் பெல்லும் அவருடைய நண்பர்களும் பழகியதைத்தான் இன்று உலகம் பார்க்கூர் என்கிறது. லிஸ், எவ்ரி பக்கமெல்லாம் புதுநகர்த் திட்டத்தில் எழுந்த கான்கிரீட் குடியிருப்புகள். பெரிய விளையாட்டு வசதிக்குக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைத்தது சுவர், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி. பிறகு ஏரிக்கரையில் பியேர் செக்கேலி என்ற சிற்பி ஏறி விளையாடுவதற்காகவே அமைத்த உயரமான "தாம் து லாக்" சிற்பம்.

இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு, "தீயணைப்பு வீரன் மழை நின்றதும் வருகிறேன் என்பானா?" என்று கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தீயணைப்பு வீரர் ஆபத்தில் இறங்குவது அங்கே ஒரு உயிர் இருப்பதால். சுவர்மேல் நிற்கும் பையனுக்கு அந்தப் பக்கம் காப்பாற்றுவதற்கு யாருமில்லை. எனவே தீயணைப்பு வீரரைக் காட்டி ஈரக் கம்பியில் தாவுவதை நியாயப்படுத்த முடியாது. அவருடைய பயிற்சியைக் காட்டி வேண்டுமானால் எதையாவது சொல்லலாம். நிஜமான ஆபத்து வரும் நாளில் தன் கால் எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஈரத்தில் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் சின்ன உயரத்தில், நிதானமாக.

மழை என்னதான் செய்கிறது?

பொதுவாக "ஈரம் என்றால் வழுக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எல்லா ஈரமும் ஒரே மாதிரி வழுக்குவதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஷூவின் ரப்பர் அடி சுவரின் சொரசொரப்புக்குள் கொஞ்சம் அமுங்கி உட்கார்வதால்தான் பிடிப்பு வருகிறது. நடுவில் தண்ணீர் ஒரு மெல்லிய படலமாக நின்றுவிட்டால் ரப்பர் சுவரைத் தொடுவதே இல்லை. சொரசொரப்பான கான்கிரீட்டில் தண்ணீர் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும், மேடுகள் ரப்பருக்குக் கிடைக்கும். வழவழப்பான ஸ்டீல் கம்பி, மெருகேற்றிய கல், பெயின்ட் அடித்த விளிம்பு, மரப்பலகை இவற்றில் தண்ணீர் போக இடமில்லை. பாசி பிடித்த செங்கல் இன்னும் மோசம். பார்க்கச் சொரசொரப்பாக இருக்கும், மிதித்தால் எண்ணெய் மாதிரி இருக்கும். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறலும் அப்படித்தான். தூசும் எண்ணெய்ப் பசையும் தண்ணீரோடு குழைந்து நிற்கும்.

பிரிட்டனில் தரை எவ்வளவு வழுக்கும் என்று பார்க்க ஊசல் சோதனை என்று ஒன்று உண்டு. ரப்பர் துண்டு பொருத்திய ஒரு கை ஊசல் மாதிரி வீசி வந்து ஈரத்தரையை உரசிப் போகும். எவ்வளவு தடைபட்டது என்று ஒரு எண் கிடைக்கும். 36ம் அதற்கு மேலும் என்றால் வழுக்கும் வாய்ப்பு குறைவு, 25 முதல் 35 வரை நடுத்தரம், 24ம் அதற்குக் கீழும் என்றால் அதிகம். கவனிக்க வேண்டியது, இந்த எண்கள் நடந்து போகிறவர்களுக்கானவை! ஆறடி தூரம் தாவி வந்து இறங்குகிறவர்களை மனதில் வைத்து யாரும் நகரத்துத் தரையைப் போடவில்லை.

தாவி இறங்கும்போது உடம்பு தரையைக் கீழ்நோக்கியும் அழுத்துகிறது, முன்னோக்கியும் தள்ளுகிறது. கீழ்நோக்கி 100 பங்கு, முன்னோக்கி 40 பங்கு என்று வைத்துக்கொண்டால் வழுக்காமல் நிற்க 0.4 உராய்வுக் கெழு வேண்டும். உலர்ந்த கான்கிரீட்டில் ரப்பருக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஈரக் கம்பியில் இது கிடைக்காமலே போகலாம். அதே தூரத்தைக் கொஞ்சம் உயர எம்பி மேலிருந்து இறங்குகிற மாதிரி தாண்டினால் முன்னோக்கிய பங்கு குறைகிறது, தேவைப்படும் உராய்வும் குறைகிறது. தட்டையாகப் பாய்பவர் வழுக்குகிற இடத்தில் உயர எம்பியவர் நிற்பது இதனால்தான். உலர்ந்த நாளில் இரண்டு பேருமே நின்றுவிடுவார்கள். யாருடைய தாவல் சுத்தம், யாருடைய தாவல் ஒப்பேற்றல் என்று பிரித்துக் காட்டுவது மழைநாள்தான். மழையில் பழகச் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இன்னொன்று. எல்லோருடைய கண்ணும் இறங்குமிடத்தின் மேலேயே இருக்கும். கிளம்புகிற இடத்தை மறந்துவிடுவார்கள். உண்மையில் இறங்கும்போது வழுக்குவதைவிடக் கிளம்பும்போது வழுக்குவது பல நேரம் மோசமானது. உதைத்த கால் பின்னால் நழுவினால் தாவல் பாதியிலேயே குட்டையாகிவிடும். எதிர்ச் சுவரின் விளிம்பு முழங்காலுக்கும் தாடைக்கும் வரும். சுவரில் ஓடி ஏறும்போதும் இதே கதை. அங்கே சுவரை உதைக்கிற உதைதான் பிடிப்பையே உண்டாக்குகிறது. ஈரத்தில் அந்த ஒரு உதை நழுவினால் முகம் நேராகச் சுவருக்குப் போகும். சுவர் விளிம்பைக் கைகளால் பற்றித் தொங்கும் தாவலில் காலின் பிடிப்பு போய்விட்டால் மொத்த எடையும் ஈரமான, குளிரில் மரத்துப்போன விரல்களுக்கு வந்துவிடும்.

எனவே உள்ளரங்கக் கட்சி சொல்லும் ஆபத்து கற்பனை அல்ல. அதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

அப்படியானால் உள்ளரங்கமே போதுமே?

இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளரங்கம் நல்லதுதான். மெத்தை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார். புதிதாக ஒரு அசைவைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அதற்குக் கட்டணம் இருக்கிறது. வாடகை, காப்பீடு, சம்பளம் எல்லாம் கொடுத்து நடத்துகிறவர்கள் இலவசமாக விடமுடியாது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "மழை என்றால் உள்ளே போ" என்பது விதியாகிவிட்டால், குளிர்காலம் முழுக்கப் பார்க்கூர் காசு உள்ளவர்களுடையதாகிவிடும். காசில்லாத பிள்ளைகள் கண்டுபிடித்த ஒன்று இப்படி மாறுவது கொஞ்சம் கொடுமையாக இல்லையா?

ஸ்கேட்போர்டுக்காரர்களைப் பாருங்கள். தேம்ஸ் கரையில் சவுத்பேங்க் கட்டடத்தின் அடியில் ஒரு இடம் இருக்கிறது. 1970களில் இருந்தே அது அவர்கள் கோட்டை. மேலே கூரை உண்டு, மழை படாது. அந்த இடத்தைக் கடைகளுக்கு விடப்போகிறார்கள் என்று 2013ல் செய்தி வந்தபோது பெரிய போராட்டமே நடத்தி, 2014ல் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஏன் அவ்வளவு பிடிவாதம்? ஈரம் பட்டால் பலகை ஊறும், சக்கரத்துப் பேரிங் துருப்பிடிக்கும். நகரத்தில் கூரையுள்ள இலவச இடம் அவர்களுக்கு உயிர். பார்க்கூருக்கு அப்படி ஒரு கோட்டை கிடையாது. ஆனால் துருப்பிடிக்கக் கருவியும் கிடையாது. ஒரு ஜோடி ஷூ போதும். மழையிலும் பழகக்கூடியது என்பது பார்க்கூருக்குக் கிடைத்திருக்கும் வரம். அதைப் போய் யாராவது விட்டுக்கொடுப்பார்களா?

உள்ளரங்கத்தில் கிடைக்காத இன்னொன்றும் உண்டு. அங்கே எல்லாத் தடையும் பார்க்கூருக்கென்றே செய்தவை. ஒட்டுப்பலகை எங்கே பிடிக்கும் என்று ஒரு வாரத்தில் காலுக்குப் பழகிவிடும். சந்தேகப்படுகிற பழக்கமே போய்விடும். சர்வதேச ஜிம்னாஸ்டிக் கூட்டமைப்பு பார்க்கூரைத் தன் பட்டியலில் சேர்க்கக் கிளம்பியபோது 2017லேயே பார்க்கூர்க்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். அதையும் மீறி 2022 அக்டோபரில் டோக்கியோவில் அந்தக் கூட்டமைப்பின் முதல் உலகப் போட்டி நடந்தது. போட்டி வேண்டாம் என்பதல்ல இங்கே வாதம். நேரமும் புள்ளியும் பார்க்கிற போட்டிக்குத் தடைகள் ஒரே சீராக இருக்க வேண்டும். தெருவுக்கு அந்தச் சீர் கிடையாது. நேற்று நின்ற கம்பி இன்று நிற்காது. ஒவ்வொரு முறையும் காலால் தேய்த்துப் பார்த்து, கையால் தட்டிப் பார்த்து, "இன்று நீ எப்படி இருக்கிறாய்?" என்று சுவரைக் கேட்டுவிட்டுத்தான் தாவ வேண்டும். இந்தக் கேட்கிற பழக்கம்தான் பார்க்கூரின் பாதுகாப்பே. அதை மழையைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் இல்லை.

சரி, மழையில் என்ன பழகுவது?

உயரத்தைக் குறைக்க வேண்டும், தூரத்தைக் குறைக்க வேண்டும், கவனத்தைக் கூட்ட வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம்.

தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உள்ள கம்பியில் ஈரத்தோடு நடந்து பழகலாம். வழுக்கினால் ஒரு காலை ஊன்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் நஷ்டம். படிக்கட்டில் நான்கு காலில் தவழ்ந்து ஏறி இறங்கலாம். பத்து நிமிடத்தில் தோள்பட்டை அழும். சுவரில் தொங்கி மேலே ஏறுவதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். நடைபாதைக் கல்லின் விளிம்பில் தாவி, சத்தமில்லாமல் இறங்கப் பழகலாம். உலர்ந்த நாளில் நூறு முறை செய்த தாவலை மட்டும், பாதி தூரத்தில், கீழே பள்ளம் இல்லாத இடத்தில் செய்து பார்க்கலாம். புதிய தாவல், கூரை, ஒரு மாடிக்கு மேற்பட்ட எதுவும் ஈரத்தில் கிடையாது. இதில் பேரத்துக்கே இடமில்லை.

பையில் ஒரு பழைய துண்டு இருக்க வேண்டும். இறங்கும் கம்பியைத் துடைக்க, ஷூவின் அடியைத் துடைக்க. கம்பியைத் துடைத்துவிட்டு ஈர ஷூவோடு தாவினால் துடைத்ததே வீண். மாற்றுச் சட்டை ஒன்று வேண்டும். ஜனவரியில் பகலிலேயே எட்டு டிகிரி சுமாருக்குத்தான் வெப்பம் போகும். நனைந்து நின்றுகொண்டே அரட்டை அடித்தால் தசை இறுகிவிடும், அடுத்த தாவலில் சுளுக்கும். மழைநாளில் பழகுகிறவர் ஓய்வையும் அசைந்துகொண்டேதான் எடுக்க வேண்டும்.

உண்மையான எதிரி

விபத்துக்கு வழி செய்வது பெரும்பாலும் ரயில் டிக்கெட். ஆமாம், ரயில் டிக்கெட்தான்!

ஒரு மணி நேரம் பயணம் செய்து, காசு செலவழித்து, வாரம் முழுக்கத் திட்டம் போட்ட அந்த ஒரு தாவலுக்காகக் கேமராவோடு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். வந்து நின்றதும் தூறல். அப்போது மனசு ஒரு கணக்குப் போடும்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு, செய்யாமல் போவதா?" வணிகவியலில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. செலவழிந்துபோன பணம் திரும்பி வராது; எனவே அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியில் "இவ்வளவு போட்டாச்சே" என்று மேலும் மேலும் பணத்தைக் கொட்டி மூழ்குகிற முதலாளி செய்யும் அதே தப்பைத்தான் ஈரக் கம்பியின் முன் நிற்கும் இருபது வயதுப் பையனும் செய்கிறான். முதலாளிக்குப் போவது பணம், பையனுக்குப் போவது கணுக்கால்.

டிக்கெட் காசு தாவினாலும் வராது, தாவாவிட்டாலும் வராது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இப்போதுதான் வீட்டு வாசலில் இருந்து இறங்கியிருந்தால், இந்த ஈரத்தில் இதைத் தாவியிருப்பேனா?" இல்லை என்று பதில் வந்தால் பையிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு தாழ்வான கம்பியைத் தேடிப் போக வேண்டியதுதான். மழைநாளில் தாவாமல் திரும்பி நடக்கத் தெரிந்தவரைக் கோழை என்று கூட்டாளிகள் கேலி செய்யாமல் இருந்தால், அந்தக் கூட்டத்தில் பாதி விபத்து நடக்கவே நடக்காது. கூட்டத்தில் மூத்தவர் முதலில் திரும்பி நடந்து காட்டினால் இன்னும் நல்லது. சின்னவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

சுவருக்குச் சொந்தக்காரர்

இதில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. சுவருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள். ஈர ஷூ சேற்றைச் சுமக்கும். வெள்ளைச் சுவரில் கறுப்புத் தடம் விழும். காரை இளகிய பழைய சுவரின் மேல்கல் ஒரு தொங்கலில் கையோடு வந்துவிடும். மணற்பாறையில் ஏறும் மலையேற்றக்காரர்களுக்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. மழைக்குப் பிறகு பாறை காயும்வரை ஏறமாட்டார்கள். ஈரத்தில் மணற்பாறை வலு இழக்கும், பிடிமானம் உடைந்தால் அடுத்து வருகிறவருக்கு அந்தப் பாதையே இல்லாமல் போகும். பார்க்கூருக்கும் இந்த மரியாதை வேண்டும். சந்தேகமான சுவரை மழைநாளில் விட்டுவிட வேண்டும். தடம் விழுந்தால் அதே துண்டால் துடைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு பாட்டி ஜன்னலைத் திறந்து திட்டினால் பதில் பேசாமல் வணக்கம் சொல்லிவிட்டு நகர வேண்டும். இலவசமாகக் கிடைத்த இடம் இலவசமாகவே இருக்க வேண்டுமானால் இந்தச் சின்ன வாடகையையாவது கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே மழை பெய்தால் பார்க்கூருக்கு லீவு இல்லை. லீவு பெரிய தாவல்களுக்கும் கேமராவுக்கும்தான். மழைநாளில் பழகுகிறவரைப் பார்த்தால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்: யாரோ ஒருவர் ஒரு முழ உயரக் கம்பியில் மெதுவாக நடந்துகொண்டிருப்பார், இறங்குவார், துடைப்பார், மறுபடி ஏறுவார். கை தட்ட அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஏப்ரலில் சுவர் காய்ந்ததும் யாருடைய கால் சத்தமில்லாமல் வந்து இறங்குகிறது என்று பாருங்கள். அநேகமாக அவருடையதாகத்தான் இருக்கும்.

நீங்கள் எந்தக் கட்சி?